நாலு பேரைக் காணோம்

கூட்டல் பிரிவில் ‘எக்ஸ்பிரஸ்’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவள் ஒருத்திதான். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அவளைவிட வயதில் பெரியவர்களும் எக்ஸ்பிரஸ் என்றே அழைத்தார்கள். சின்னவர்கள் கூடவே ஒரு அக்காவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அவளுடைய அப்பா நகரப் பேருந்துப் பணிமனையில் வண்டி கழுவுகிறவர். மகள் தட்டச்சு படித்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. தட்டச்சு நிலையத்தில் இடம் இல்லை. “இடம் வர்ற வரைக்கும் பக்கத்து அறையில உட்காரும்மா, அங்கேயும் ஏதோ மெஷின்தான்” என்றார் ஆசிரியர். பக்கத்து அறையில் கூட்டல் இயந்திர வகுப்பு நடந்தது. தட்டச்சில் இடம் வரவேயில்லை. வந்திருந்தாலும் அவள் போயிருக்க மாட்டாள். விரல் பட்டதும் எண்கள் தாமாகவே ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கிற அந்த வித்தை அவளுக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று.

பேருந்துக் கழகத்தில் வேலையும் கிடைத்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எத்தனை பேர் ஏறினார்கள் என்று நடத்துநர்கள் தாளில் குறித்துக் கொடுப்பார்கள். அந்தத் தாள்களெல்லாம் இரண்டாவது மாடியில் இருந்த கூட்டல் பிரிவுக்கு வரும். எந்தத் தடத்தில் கூட்டம் அதிகம், எங்கே இன்னொரு வண்டி விடலாம் என்பதெல்லாம் அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்துத்தான். ஆகவே ஒரே தாளை இரண்டு பேர், இரண்டு மேசையில், ஒருவர் விடையை மற்றவர் பார்க்காமல் கூட்ட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் தாள் மேலே போகும். ஒத்துப்போகாவிட்டால் கீழே விழும். அதாவது மேற்பார்வையாளர் மேடம் அதை அவரவர் மேசைமேல் பொத்தென்று போடுவார்.

அந்த இயந்திரத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்ல வேண்டும். தட்டச்சுப் பொறியைவிடச் சற்றுக் குட்டையான இரும்புப் பெட்டி. மேலே நெடுக்காகப் பல வரிசைகள். வலது ஓரத்தில் ஒன்றுகள், அதற்கு இடப்பக்கம் பத்துகள், அப்புறம் நூறுகள் என்று போகும். ஒவ்வொரு வரிசையிலும் கீழிருந்து மேலாக ஒன்று முதல் ஒன்பது வரை விசைகள். ஒரு விசையை அமுக்கிய மாத்திரத்தில் அந்த எண் கூட்டப்பட்டு, கீழே உள்ள சிறு கண்ணாடி ஜன்னல்களில் மொத்தம் தெரியும். தனியாகக் கைப்பிடியைச் சுற்றுகிற வேலை கிடையாது. அழிப்பதற்கு மட்டும் பக்கவாட்டில் ஒரு பிடி.

ஒன்பது விசை இருந்தாலும் தேர்ந்த கை ஐந்துக்கு மேலே போகாது. கையை மேலும் கீழும் நகர்த்தினால் நேரம் வீண். ஒன்பது வேண்டுமென்றால் ஐந்தும் நாலும். எட்டுக்கு நாலும் நாலும். ஏழுக்கு நாலும் மூன்றும். ஆறுக்கு மூன்றும் மூன்றும். எக்ஸ்பிரஸ் ஒன்பது அடிக்கும்போது அது இரண்டு அடி என்று கேட்கிறவர்களுக்குத் தெரியாது. ‘டட்’ என்று ஒரே சத்தம். அந்தப் பெயர் அதனால்தான் வந்தது.

பழைய இயந்திரங்கள் தேய்ந்துபோய்ப் புதியவை வந்தன. புதியவற்றில் ஒரு பூட்டு உண்டு. விசையைப் பாதி அமுக்கிவிட்டு விரலை எடுத்தால் எண் சரியாகச் சேராது. பழைய இயந்திரம் அதைக் கண்டுகொள்ளாமல் பேசாமல் இருந்துவிடும். புதியது அப்படி விடாது, உடனே பூட்டிக்கொள்ளும். விளக்கிச் சொல்ல மெக்கானிக் ஒருவர் வந்தார். வாயைத் திறந்தால் வட்டி கட்ட வேண்டும் என்பதுபோல் பேசுகிற மனிதர்.

“பாதி அமுக்கினா பூட்டிக்கும். மாட்டின கீயை முழுசா அமுக்குங்க. அப்புறம் ஓரத்துல இருக்கிற சிவப்பை அமுக்குங்க. பூட்டு விட்டுடும். அவ்வளவுதான்.”

மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மதியமே பூட்டு விழுந்தது. எக்ஸ்பிரஸின் அடுத்த மேசைக்காரியின் இயந்திரத்தில்தான் முதலில். முகத்தில் பாதியை மறைக்கிற கண்ணாடி போட்டிருந்ததால் அவளுக்கு ‘மூக்குக்கண்ணாடி’ என்று பெயர்.

“ஏய், கீ மாட்டிக்கிச்சுடி. கல்லு மாதிரி நிக்குது.”

“மாட்டின கீயை முழுசா அமுக்கச் சொன்னாரே?”

“எங்கே போகுது? ஏறி நின்னாலும் போகாது போலிருக்கு.”

“சிவப்பை முதல்ல அமுக்கிப் பாரு.”

சிவப்புப் பொத்தானை அமுக்கியதும் பூட்டு விட்டது. பிறகு அந்த விசை வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. மெக்கானிக் முன்னுக்குப் பின்னாகச் சொல்லிவிட்டார் என்று கூடம் ஒருமனதாக முடிவு செய்தது. அன்றிலிருந்து முதலில் சிவப்பு, அப்புறம் மாட்டின விசை.

அந்த வாரத்திலேயே எக்ஸ்பிரஸின் மேசையில் தாள்கள் பொத்தென்று விழ ஆரம்பித்தன.

முதலில் அவள் சிரித்தாள். புது இயந்திரம், பழகும் வரை அப்படித்தான் இருக்கும். ஆனால் பழகப் பழகப் பூட்டு அதிகமாயிற்று. பூட்டு அதிகமாக ஆக, தாள்களும் அதிகமாகத் திரும்பின. ஒரே தாளை மறுபடி கூட்டினால் ஒரு தடவை சரியாக வரும், ஒரு தடவை வராது. இதில் ஒரு வினோதம் வேறு. அவளுடைய மொத்தம் அனேகமாகக் குறைச்சலாகவே வந்தது. அதுவும் பெரும்பாலும் நாலு குறையும், அல்லது நாற்பது. எப்போதாவது மூன்றோ முப்பதோ. அஞ்சு குறைந்தது என்று ஒரு நாள்கூட இல்லை.

“என்ன எக்ஸ்பிரஸ், உன் வண்டியில ஏறின நாலு பேரைக் காணோம்?” என்றார் மேடம்.

“ஏறினவங்கதான் மேடம். எங்கே இறங்கினாங்கன்னு தெரியலை.”

மேடம் சிரிக்கவில்லை. அவர் கெட்டவர் அல்ல. எண்களோடு விளையாடினால் மட்டும் பிடிக்காது.

“மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். புது மெஷின் உன் கைக்கு ஒத்து வரலைன்னா, கீழே சீட்டு பிரிக்கிற அறையில ஒரு இடம் காலியா இருக்கு. சம்பளம் குறையாது.”

சம்பளம் குறையாது என்று அவர் ஆறுதலாகச் சொன்னதுதான் அவளை அடித்துப்போட்டது. கீழ்த்தளத்து அறை அவளுக்குத் தெரியும். மீந்த பயணச்சீட்டுக் கட்டுகளை நிறம் வாரியாகப் பிரித்து, ரப்பர் வளையம் மாட்டி, பெட்டியில் அடுக்குகிற வேலை. அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவளுடைய விரல்கள் அங்கே போய் என்ன செய்யும்? இருபத்தி மூன்று வருடம் அந்த விரல்களை நம்பித்தான் அவள் தலை நிமிர்ந்து மாடிப்படி ஏறியிருக்கிறாள்.

வீட்டில் கணவர் தையல்காரர். முன்னறையே கடை. அவள் கதையை அவர் வாயில் ஊசியைக் கடித்தபடி கேட்டார்.

“எண்ணெய் விட்டியா?”

“எதுக்குங்க எண்ணெய்? புது மெஷின்.”

“புதுசுக்குத்தான் எண்ணெய் வேணும். பழசு தானா ஊறிப் போயிருக்கும்.”

மறுநாள் அவர் கொடுத்த குட்டிப் புட்டியைக் கைப்பையில் ஒளித்துக்கொண்டுபோய், மாட்டுகிற விசைகளுக்கெல்லாம் ஒவ்வொரு சொட்டு விட்டாள். பூட்டு குறையவில்லை. தாள்கள்தான் விரல் அடையாளத்தோடு திரும்பி வந்தன.

“இது என்ன, பஜ்ஜி மடிச்ச காகிதமா?” என்றார் மேடம்.

அன்று சாயங்காலம் கணவரிடம் புட்டியைத் திருப்பிக் கொடுத்தாள்.

“போகட்டும் விடு. சீட்டு அறைதானே, போய் நிம்மதியா உட்காரு” என்றார் அவர்.

“நாலு பேர் என்ன சொல்லுவாங்க?”

“எந்த நாலு பேரு?”

“அதைத்தாங்க மேடமும் கேக்கறாங்க” என்று சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு அழுகையும் வந்தது. கணவருக்கு எதற்கு எது என்று புரியவில்லை. காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையை அவளிடம் நீட்டினார், கண்ணைத் துடைத்துக்கொள்ள. அது வேறொருவருடைய சட்டை.

மெக்கானிக்கை வரவழைத்தார்கள்.

“எந்தக் கீ?” என்றார் அவர்.

“முந்தாநாள் பத்து வரிசையில ரெண்டு. நேத்து நூறு வரிசையில ஒண்ணு. இன்னிக்குக் காலையில ஒண்ணு வரிசையில அஞ்சு, அப்புறம் மறுபடி பத்து வரிசையில மூணு.”

மெக்கானிக் அந்த விசைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். எல்லாம் நன்றாக வேலை செய்தன. மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். அங்கேயும் குறை இல்லை.

“மாட்டும்போது, மாட்டின கீயை முழுசா அமுக்கறீங்களா?”

“அமுக்கறேன்.”

“நிஜமா?”

“சத்தியமா அமுக்கறேன் சார். அடி வரைக்கும் போகுது.”

“அப்புறம் சிவப்பு?”

“சிவப்பு முதல்ல.”

“முதல்லயா? சரி, ரெண்டையும் அமுக்கறீங்க இல்ல?”

“ரெண்டையும்தான்.”

“அப்படின்னா கணக்கு குறையக் கூடாதே.”

“குறையுதே.”

“குறைய வழியே இல்லை.”

“நானும் அதைத்தான் சொல்றேன்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே சொல்லை இரண்டு பேரும் இத்தனை தெளிவாகப் பேசிக்கொண்டது அந்தக் கூடத்தில் அதுவரை நடந்ததில்லை. அத்தனை தெளிவாகப் பேசியும் ஒன்றும் விளங்காமல் போனதும் நடந்ததில்லை. “எங்கே, அடிங்க பார்க்கலாம்” என்றார் மெக்கானிக். அவர் பக்கத்தில் நிற்க, அவள் பள்ளிக்கூடப் பிள்ளை கையெழுத்து எழுதுவதுபோல் நிதானமாக அடித்தாள். ஒரு தடவைகூடப் பூட்டவில்லை. ‘இயந்திரத்தில் கோளாறு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் போனார். இயந்திரத்தில் இல்லையென்றால் வேறு எதில் என்பதைக் கூடத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அப்புறம் அவளுக்குத் தன் கைமேலேயே சந்தேகம் வந்துவிட்டது. வரும் வழியில் பேருந்துக் கம்பியில் ஒன்பது அடித்துப் பார்த்தாள். சோற்றுத் தட்டின் விளிம்பில் ஏழு அடித்தாள். தூங்குகிற கணவரின் முதுகில் எட்டு அடித்ததில் அவர் எழுந்து உட்கார்ந்து, “யாரு கதவைத் தட்டறது?” என்றார். விரல்கள் எப்போதும்போல்தான் இருந்தன. அல்லது எப்போதும்போல் இருப்பதாக நடித்தன. அதைவிட மோசமான நினைப்பு ஒன்றும் கூடவே வந்தது. பழைய இயந்திரம் பூட்டவே பூட்டாது. அப்படியானால் இத்தனை வருடமும்? அந்த யோசனையை அவள் மேற்கொண்டு போகவிடவில்லை. பழைய தாள்கள் இரண்டு மேசையிலும் ஒத்துப்போயினவே என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள்.

மாதக் கடைசியும் வந்தது. மேடம் மெக்கானிக்கை மறுபடி வரச் சொல்லியிருந்தார்.

“இதுதான் கடைசி. அவர் முன்னாடி அடி. கோளாறு கையிலதான்னு ஆயிட்டா, திங்கட்கிழமை கீழே போயிடணும். நானும் மேலே பதில் சொல்லணும் இல்லையா?”

எக்ஸ்பிரஸ் எழுந்து நின்றாள்.

“இவர் முறைச்சுக்கிட்டு நின்னா என் கை பயந்துக்கிட்டு ஒழுங்கா அடிக்குது மேடம். தினம் நான் எப்படி வேலை பார்ப்பேனோ அப்படிப் பார்க்கணும். இவளை என்கூடப் பேசச் சொல்லுங்க.”

“நானா?” என்றாள் மூக்குக்கண்ணாடி. “என்ன பேச?”

“தினமும் என்ன பேசுவே? ஜன்னலைப் பத்திப் பேசு.”

ஜன்னல் அந்த இரண்டு மேசைக்கும் நடுவில் இருந்தது. திறந்தால் மூக்குக்கண்ணாடிக்குத் தும்மல். மூடினால் எக்ஸ்பிரஸுக்கு வியர்வை. பல வருடத்துச் சண்டை. ஆரம்பித்து வைக்கத்தான் தயக்கம்; ஆரம்பித்ததும் தானாக ஓடியது.

“காத்து வேணும்னா மொட்டை மாடியில போய் உட்காரவேண்டியதுதானே?”

“நீ தும்மறது காத்தால இல்லடி, உன் பவுடரால.”

“என் பவுடரைச் சொல்லாதே! உன் வீட்டு எண்ணெய் நாத்தத்துக்கு என் பவுடர் எவ்வளவோ மேல்.”

எக்ஸ்பிரஸ் பதிலுக்குப் பதில் கொடுத்துக்கொண்டே கண்ணைத் தாளிலும் கையை விசையிலும் ஓட்டினாள். டட், டக், டட். கூடமே எட்டிப் பார்த்தது. தொண்ணூற்றி இரண்டு என்ற எண்ணில் கை கல்லில் மோதியது.

“இதோ மாட்டிக்கிச்சு!” ஒன்றுகள் வரிசையில் இரண்டு என்ற விசைமேல் விரலை வைத்து அழுத்திக் காட்டினாள். அசையவில்லை. “பாருங்க சார், உங்க கண்ணாலயே பாருங்க.”

மெக்கானிக் குனிந்து பார்த்தார்.

“எங்கே மாட்டியிருக்கு?”

“இதோ, இதுதான்.”

“இது மாட்டலையே.”

“மாட்டலையா? மலையாட்டம் நிக்குது, மாட்டலைங்கறீங்க?”

“அம்மா, இது பூட்டியிருக்கு. மாட்டினது இது இல்லை.” அவர் பத்துகள் வரிசையில் நாலு என்ற விசையைத் தொட்டார். அது லேசாக இறங்கியது. “இதுதான் மாட்டினது.”

“அது நல்லாப் போகுதே சார்!”

“போகுது. அதனாலதான் அது மாட்டினது.”

மேடம் கண்ணை மூடித் திறந்தார். “நல்லாப் போறது மாட்டினது, போகாதது மாட்டாதது. நான் சரியாத்தான் கேக்கறேனா?”

மெக்கானிக் அன்றுதான் வாழ்க்கையிலேயே அதிகமாகப் பேசியிருப்பார். மூடியைக் கழற்றி, வரிசைகளுக்கெல்லாம் குறுக்கே ஓடுகிற ஒரு நீளமான இரும்புப் பட்டையைக் காட்டினார். ஏதாவது ஒரு வரிசையில் விசை அடி வரை போகாமல் பாதியில் நின்றுவிட்டால் இந்தப் பட்டை நகர்ந்து மற்ற வரிசைகளையெல்லாம் மறித்துக்கொள்ளும். தப்புச் செய்த வரிசைக்கு மட்டும் மறிப்பு இல்லை. அதில் போய் அந்த விசையை மறுபடி முழுதாக அமுக்கி எண்ணைச் சேர்த்துவிட்டு, பிறகு சிவப்பை அமுக்க வேண்டும்.

“திருடன் மாட்டிக்கிட்டான்னு சொல்றதில்லையா? அந்த மாட்டினது. பாதியில கையும் களவுமா மாட்டின கீ. அதைத்தான் சொன்னேன்.”

“நாங்க சேலை முள்ளுல மாட்டிக்கிச்சுன்னு சொல்வோமே, அந்த மாட்டினதுன்னு நினைச்சோம்” என்றாள் மூக்குக்கண்ணாடி.

“அது சிக்கினது இல்லையா?”

“சிக்கினாலும் மாட்டினதுதானே சார்.”

“திருடனும் சிக்குவான்” என்று பின்வரிசையிலிருந்து யாரோ சொன்னார்கள். மெக்கானிக் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

எக்ஸ்பிரஸ் இன்னும் அந்த நாலு என்ற விசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதுக்கு ஐந்தும் நாலும். ஐந்து முழுதாக எழுவதற்குள் அவளுடைய நாலு இறங்கப் பார்த்திருக்கிறது, பாதியில் நின்றிருக்கிறது, அதற்குள் விரல் அடுத்த வரிசைக்குத் தாவிவிட்டது. அங்கே போய் முட்டிக்கொண்டு, முட்டின இடத்தையே வைது, அதற்கே எண்ணெய் விட்டு, சிவப்பை அமுக்கி... பின்னால் விட்டுவிட்டு வந்த நாலை யாருமே திரும்பிப் பார்க்கவில்லை.

“அப்போ கோளாறு என் கையிலதான்” என்றாள் மெதுவாக.

“கையில பாதி. என் வாயில பாதி” என்றார் மெக்கானிக்.

மேடம் அதை ஏற்றுக்கொண்டாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. ஒரு புதுத் தாளை எடுத்து எக்ஸ்பிரஸிடம் கொடுத்தார். அதன் நகலை மூக்குக்கண்ணாடியிடம் கொடுத்தார்.

“பேச்சு வேண்டாம். ஜன்னல் பாதி திறந்திருக்கட்டும். ரெண்டு பேரும் கூட்டுங்க.”

தாள் நடுவில் எக்ஸ்பிரஸுக்குப் பூட்டு விழுந்தது. பழக்கதோஷத்தில் விரல் சிவப்புக்குப் போய்விட்டது. பாதி வழியில் இழுத்துக்கொண்டாள். ஒவ்வொரு வரிசையாகத் தொட்டாள். ஆயிரம், கல். நூறு, கல். பத்து, கல். ஒன்றுகள் வரிசை மட்டும் விரலுக்கு வழிவிட்டது. அங்கே கடைசியாக அடித்தது ஏழு, அதில் பாதியில் நின்றது மூன்று. அடி வரை அமுக்கினாள். பிறகு சிவப்பு. மறுபடி ஓடினாள், முன்னைவிடச் சற்று மெதுவாக.

மேடம் இரண்டு மொத்தங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒத்துப்போகவில்லை. மூன்று வித்தியாசம்.

எக்ஸ்பிரஸ் தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கீழ்த்தளத்துக்கு எந்தப் படி வழியாகப் போவது என்றுகூட யோசித்துவிட்டாள்.

மேடம் தாளை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போனார். அவர் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து அந்தக் கூடம் பார்த்ததில்லை. ஒரு விரலால், ஒன்பதுக்கு ஒன்பதையே அமுக்கி, ஒவ்வொரு விசையையும் தரை தட்டும்வரை அமுக்கிக் கூட்டினார். முடிக்க நெடுநேரம் ஆயிற்று. யாரும் எழுந்து போகவில்லை.

“எக்ஸ்பிரஸ் போட்டது சரி” என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைப் பார்த்தார். “உன்னுதுல மூணு குறையுது.”

மூக்குக்கண்ணாடி கண்ணாடியைக் கழற்றினாள். “எனக்கு ஒரே ஒரு தடவைதான் பூட்டிச்சு மேடம். அதையும் நான் திறந்துட்டேன்.”

“எப்படித் திறந்தே?”

“சிவப்பை முதல்ல...” என்று ஆரம்பித்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேடம் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். புது இயந்திரம் வந்ததிலிருந்து ஒத்துப்போகாத தாள்கள் அங்கே கட்டுக் கட்டாக இருந்தன. ஒவ்வொன்றிலும் எக்ஸ்பிரஸ்தான் தப்பு என்று எல்லாரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள், எக்ஸ்பிரஸ் உட்பட. அவற்றில் எது யாருடைய குறை என்று இப்போது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

“எல்லாத்தையும் மறுபடி கூட்டணும்” என்றார் மேடம். அவர் குரல் அத்தனை தாழ்ந்து யாரும் கேட்டதில்லை. “அதுக்குக் கை வேணும். யாரும் கீழே போகவேண்டாம். அவங்கவங்க இடத்துல உட்காருங்க.”

மெக்கானிக் கிளம்பும்போது எக்ஸ்பிரஸ் படிக்கட்டுவரை கூடவே வந்தாள்.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார். தப்புப் பண்ணினவனைச் சும்மா விட்டுட்டு, பண்ணாதவங்களை எல்லாம் பிடிச்சு உள்ளே போடறது என்ன நியாயம்?”

அவர் இரண்டு படி இறங்கி நின்று யோசித்தார். “தப்புப் பண்ணினவனும் உள்ளே போயிட்டா, யாரும்மா அதைச் சரி பண்றது?”

அவள் தலையாட்டினாள். அவர் போன பிறகு நினைத்துப் பார்த்தால், எதற்குத் தலையாட்டினோம் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவர் தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்த காலை நிறுத்தினார்.

“என்ன ஆச்சு? கீழேயா?”

“இல்லைங்க. மேலேயேதான். இடம் இருக்கு.”

“மெஷின் கோளாறுதானா?”

“இல்லை. மெஷின் சரியாத்தான் இருக்கு.”

“அப்போ உன் கையா?”

“கையும்தான். ஆனா இன்னிக்கு நான் போட்டதுதான் சரி. அவளுது தப்பு. அவளுதும் தப்பு இல்லை, நாங்க புரிஞ்சுக்கிட்டதுதான் தப்பு. போகாத கீ நல்ல கீயாம். போற கீதான்...” நிறுத்தி, இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். “கேக்காதீங்க. சொல்லும்போது புரியற மாதிரி இருக்கு, சொல்லி முடிச்சா போயிடுது.”

“இடம் இருக்கு இல்ல?”

“இருக்கு.”

“அப்போ கையைக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்” என்றார் அவர்.